பில்லைக் கேட்டு வாங்குங்கள்: விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்கு நுகர்வோர் சட்டம்

2022 நவம்பரில் விழுப்புரத்தில் ஒருவர் உறவினரின் நினைவு நாளுக்காக உணவகம் ஒன்றில் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒரு சாப்பாடு 80 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் எந்தப் பொட்டலத்திலும் ஊறுகாய் இல்லை. ஒரு பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். உணவகம் தர மறுத்தது. அவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய், ஆக 35,025 ரூபாயை 45 நாட்களுக்குள் உணவகம் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

தமிழ்நாடு முழுக்கச் செய்தியான இந்தத் தீர்ப்பைப் பலர் வேடிக்கையாகப் படித்தார்கள். அதில் வேடிக்கை ஏதுமில்லை. தருவதாகச் சொன்ன ஒன்றைத் தராமல் விட்டது ஒரு தவறு. கேட்டபோது மறுத்தது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறின் விலை 25 ரூபாய்தான். இரண்டாவதுக்குத்தான் 35,000 ரூபாய் விழுந்தது. கடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வழக்குகள் ஆணையத்துக்கு வரவே வராது. வாங்குகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது வேறு: தொகை சின்னது என்பதற்காகச் சட்டம் உங்களைத் திருப்பி அனுப்பாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986-இல். அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததால்தான் அந்த நாளைத் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. இந்த அத்தியாயத்தில் வரும் பிரிவு எண்கள் எல்லாம் புதிய சட்டத்தின் எண்கள்.

நீங்கள் நுகர்வோரா?

காசு கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ வாங்குகிறவர் நுகர்வோர். முழுப்பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. தவணையில் வாங்கினாலும், பாதி கொடுத்து மீதியைப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தாலும் போதும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். மகள் கல்யாணச் சீருக்கு அப்பா திண்டிவனத்தில் பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்து, அது செஞ்சியில் மருமகன் வீட்டில் பழுதானால், அப்பாவும் புகார் கொடுக்கலாம், மகளும் கொடுக்கலாம்.

மறுபடி விற்பதற்காக வாங்கியவரும், வியாபார நோக்கத்தில் வாங்கியவரும் நுகர்வோர் அல்ல. ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைப்பதற்கு வாங்கினால் அது வியாபார நோக்கம் ஆகாது. லோடு ஆட்டோ ஒன்றை வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். ஐந்து வண்டி வாங்கி, டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தையல் இயந்திரத்துக்கும், பால் கறக்கும் இயந்திரத்துக்கும், டீக்கடை வைக்க வாங்கிய பிரிட்ஜுக்கும் இதே அளவுகோல்தான்.

மருத்துவத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை வராது. வழக்கறிஞரின் சேவையும் வராது. அது 2024 மே மாதத் தீர்ப்பு. தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு என்று வசூலித்துக்கொண்டு ஆளே ஓடிப்போனால் நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997-இன் கீழ் வரும் குற்றம். நேராகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுக்குப் போங்கள்.

எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது

நம் ஊர்க் கடைவீதிகளில் இருக்கும் பெரிய தொல்லை இதுதான். டைல்ஸ், பெயின்ட், மோட்டார், பிளைவுட் என்று ஐம்பதாயிரத்துக்கு வாங்குவோம். கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருக்கும். கடைப் பெயர் இருக்காது, வரிசை எண் இருக்காது. “பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?” என்பார். நாமும் மிச்சமாகும் பணத்தை நினைத்து அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். ஆறு மாதத்தில் டைல்ஸ் பிளந்தால், அதை அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதையே நாம் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அந்த மிச்சம் அப்போது எதற்கும் உதவாது.

பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டத்தின் பிரிவு 2(47). விற்பவரின் பெயர், முகவரி, பில்லின் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், பொருளின் விவரம், அளவு, விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இப்போது பல கடைகளில் வரும் பளபளப்புத் தாள் பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெற்றுத்தாள் ஆகிவிடும். வீட்டுக்கு வந்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, ஒரு ஜெராக்சும் போட்டு வையுங்கள். பணத்தை ஜி-பே, போன்-பே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பரிவர்த்தனை விவரமும் துணைச் சாட்சி.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட வேண்டாம். பொருளில் குறை இருந்தால் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்; காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். மறுத்தால் அதுவும் நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்பதற்கெல்லாம் இந்த உரிமை கிடையாது. அது கடைக்காரரின் மனசைப் பொறுத்தது.

விதை வாங்கும் விவசாயிக்கு

நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவையான பகுதி இது. மணிலாப் பயிருக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்குத்தான் ‘டி.எம்.வி.’ என்ற பெயர், டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-இல். அப்படிப்பட்ட ஊரில் முளைக்காத விதையை வாங்கிப் போட்டுவிட்டு, ‘நம்ம நேரம் சரியில்லை’ என்று இன்றும் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

விவசாயி நுகர்வோரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திர விவசாயிகள் சிலர் தேசிய விதைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்குகள் அவை. ‘விவசாயி விளைச்சலை விற்கிறார், அதனால் அவர் வாங்குவது வியாபாரத்துக்காக, விதைச் சட்டம் தனியாக இருக்கிறது, அங்கே போகட்டும், விதை மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கவில்லை’ என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதாடியது. 2012 ஜனவரியில் வந்த தீர்ப்பில் எதுவும் எடுபடவில்லை. விவசாயி நுகர்வோரே. விதைச் சட்டம் இருப்பது நுகர்வோர் சட்டத்துக்குத் தடையாகாது. வாங்கிய விதை முழுவதையும் நிலத்தில் போட்டுவிடுகிற விவசாயி, பிற்பாடு வரப்போகும் வழக்குக்காக ஒரு பங்கை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவே முடியாது என்றது நீதிமன்றம். அதே குவியலின் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டியவர் விற்றவர்தான் என்றும் சொன்னது. இந்தியாவில் விவசாயிக்குச் சாதகமாக வந்த நல்ல தீர்ப்புகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

அதற்காகக் கையை வீசிக்கொண்டு போனால் வழக்கு நிற்காது. மூட்டையில் தைத்திருக்கும் அட்டையை முதலில் பாருங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, உற்பத்தியாளரே உறுதி சொல்லி விற்கும் உண்மைநிலை விதைக்கு வெளிர் பச்சை அட்டை. ரகம், குவியல் எண், சோதித்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் எல்லாம் அதில் இருக்கும். சான்று விதையில் மணிலாவுக்குக் குறைந்தது 70 சதவீதம், உளுந்துக்கு 75, நெல்லுக்கு 80 முளைப்புத்திறன் இருக்க வேண்டும். பில்லில் ரகத்தோடு குவியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு எண்தான் உங்கள் வயலையும் அந்தக் கடையையும் கட்டிப்போடும் கயிறு. விதைத்த பிறகும் மூட்டையையும் அட்டையையும் எறியாதீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு படி விதையை எடுத்து வைப்பது நல்லதுதான்.

முளைப்பு சரியில்லை என்று தெரிந்தவுடன், அந்த வாரமே, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதும் வயலாய்வு அறிக்கைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. அழித்து உழுது மறு விதைப்பு செய்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் புகார் கொடுத்தால் பார்ப்பதற்கு வயலில் ஒன்றும் இருக்காது. பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே குவியலை வாங்கி அவருக்கும் முளைக்கவில்லை என்றால் சேர்ந்து போங்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம்.

நெடுஞ்சாலையில் தண்ணீர் பாட்டில்

சென்னை–திருச்சி சாலையில் திண்டிவனத்தையும் விக்கிரவாண்டியையும் தாண்டாமல் தென்மாவட்டத்துக்குப் போக முடியாது. பஸ் நிற்கும் ஓட்டல்களில் அச்சடித்த விலைக்கு மேல் ஐந்து, பத்து வாங்குகிறார்கள் என்ற புகார் ஓயாதது. பொட்டலமிட்ட பொருளை அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதி. ‘கூலிங் சார்ஜ்’ என்று எதுவும் சட்டத்தில் இல்லை. உட்கார வைத்து மேசையில் பரிமாறும் ஓட்டலுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பஸ்சிலிருந்து இறங்கிக் கவுண்டரில் நின்று பாட்டில் வாங்குவது அதில் சேராது.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. புகார் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போக வேண்டும். பலர் இது தெரியாமல் போலீசிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் அலைகிறார்கள். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் என்றால் 139-க்குச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய் ஆனது. 20 ரூபாயை வாங்கிக்கொண்டு ‘சில்லறை இல்லை’ என்றால் அதுவும் புகார்தான்.

முதலில் ஒரு கடிதம்

ஆணையத்துக்குப் போகும் முன் எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் தேதியோடு எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் ‘எங்களிடம் வரவே இல்லை’ என்று பிற்பாடு அவர்கள் சொல்ல முடியாது. வக்கீல் தேவையில்லை, இங்கிலீஷ் தேவையில்லை. மாதிரி ஒன்று:

‘பெறுநர்: உரிமையாளர், (பில்லில் உள்ளபடி கடையின் பெயர், முகவரி). நகல்: தயாரிப்பு நிறுவனம்.

ஐயா, தங்கள் கடையில் ___ தேதியிட்ட, ___ எண் பில்லின்படி 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை 6,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கிய ஒன்பதாம் நாள் மோட்டார் நின்றுவிட்டது. ___ தேதியில் தங்கள் கடைக்கு எடுத்து வந்தேன். சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னீர்கள். அங்கே ஜாப் கார்டு எண் ___ போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை சரிசெய்து தரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய கிரைண்டர் தர வேண்டும்; இல்லையேல் 6,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்வேன்; அதன் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் தாங்களே பொறுப்பு. இணைப்பு: பில், வாரண்டி கார்டு, ஜாப் கார்டு நகல்கள்.’

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். திட்ட வேண்டாம், ‘டி.வி.யில் போடுவேன்’ என்று மிரட்ட வேண்டாம். இந்தக் கடிதம் நாளைக்கு ஆணையத்தின் மேசையில் இருக்கப்போகிறது. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம், தமிழிலேயே பேசலாம். பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

விழுப்புரத்தில் புகார்

புகாரில் சொல்ல வேண்டியது கடிதத்தில் சொன்னதேதான்: எப்போது, எதை, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், என்ன குறை, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். அதோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்கள். ஆணையத்துக்கு மூன்று படி, எதிர்த்தரப்பில் எத்தனை பேரோ அத்தனை படி. நேரில் கொடுக்கலாம், 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. 50 லட்சத்தைத் தாண்டினால் சென்னையில் உள்ள மாநில ஆணையம். இங்கே பார்ப்பது நீங்கள் கொடுத்த விலையை மட்டும். கேட்கும் இழப்பீட்டை அல்ல.

குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. ‘இதோ சரிசெய்கிறோம், அடுத்த வாரம் வாங்க’ என்று இழுத்தடித்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிற கடைகளும் உண்டு. எச்சரிக்கையாக இருங்கள்.

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய நன்மை ஒன்று உண்டு. திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கத்து ஜனங்கள் பெரிய சாமான் வாங்கப் புதுச்சேரிக்குப் போவது வழக்கம். பழைய சட்டத்தில், விற்றவர் இருக்கும் இடத்தில் அல்லது பிரச்சினை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட முடியும். புதுச்சேரியில் வாங்கியதற்குப் புதுச்சேரிக்கே அலைய வேண்டியிருந்தது. இப்போது பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை பார்க்கும் இடத்தில் புகார் கொடுக்கலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும், ஆன்லைனில் விற்றவர் குர்கானில் இருந்தாலும் விழுப்புரத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

புகார் கொடுத்த 21 நாட்களுக்குள் அதை ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் ஏற்றதாகவே பொருள். எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவை என்றால் ஐந்து மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பு அப்படி இல்லை. ஊறுகாய் விவகாரமே சம்பவத்திலிருந்து தீர்ப்புவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் எடுத்தது. பொறுமை வேண்டும், வாய்தாவுக்குத் தவறாமல் போக வேண்டும். திண்டிவனத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ ஒவ்வொரு முறையும் வர முடியாதவர்கள் காணொலி வழியாக விசாரிக்கும்படி மனு கொடுக்கலாம். பிரிவு 38 அதற்கு இடம் தருகிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரச மையத்துக்கும் அனுப்புவார்கள். நியாயமான தொகை கிடைக்குமென்றால் ஒத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

நீங்களே வாதாடலாம். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். சாதகமாக வந்தும் பணம் வராவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே பிரிவு 71-இன்படி வசூலிக்கலாம். பிரிவு 72-இன்படி, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.